சேர்ந்து பாடுவது

பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினால் அதற்குச் சந்தைக் கடை என்று பெயர் வைக்கிறோம். அதே பத்துப் பேர் ஒரே சமயத்தில் பாடினால், பஜனை என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்காருகிறோம். பேச்சுக்கும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசங்களில் இதுவே முக்கியமானது என்பது என் அபிப்பிராயம். பேச்சில் ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் மரியாதை. பாட்டில் மட்டுந்தான் ஒருவன் குரலின்மேல் இன்னொருவன் தன் குரலை வைக்கலாம். வைத்தால் அது குறுக்கீடு ஆவதில்லை, துணை ஆகிறது.

இந்தச் சாதாரண விஷயத்தை இப்போது எடுத்துச் சொல்லக் காரணம், குழந்தைகளுக்கு இணையத்தின் மூலம் நடத்தப்படும் பாட்டு வகுப்புகள். நாலு வயது, ஐந்து வயதுக் குழந்தைகளைக் கூடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஸரளி வரிசை சொல்லிக்கொடுப்பது இன்று நம் நடுத்தரக் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது. அதில் தவறு என்ன என்று கேட்டால், சொல்லிக்கொடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வகுப்புகளுக்கான விளம்பரங்கள் சங்கீதத்தோடு வேறொன்றையும் சேர்த்து விற்கின்றன. குழந்தையின் மூளை வளரும், கவனம் கூடும், கூச்சம் போகும், நாலு பேரோடு பழகும் சுபாவம் வரும் என்கின்றன. கடைசியில் சொன்னதைத்தான் நான் இங்கே பரிசீலனை செய்ய விரும்புகிறேன். பழகும் சுபாவத்தைத் திரை தருமா?

முதலில் மூளை விஷயத்தை ஒதுக்கிவிடலாம். 1993-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. மோஸார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிஷம் கேட்ட கல்லூரி மாணவர்கள், காகிதத்தை மடித்து வெட்டினால் எந்த உருவம் வரும் என்பது போன்ற கணக்குகளைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள். அந்தத் திறமை கால் மணி நேரத்துக்குள் மறைந்தும் போய்விட்டது. அதில் குழந்தைகளே இல்லை. ஆனாலும் 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சங்கீதத் தட்டு கொடுக்க ஏற்பாடு செய்தார். 2020-ல் சாலா, கோபே என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், குழந்தைகளுக்குச் சங்கீதம் கற்பித்துச் செய்த ஐம்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒழுங்காகத் திட்டமிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், சங்கீதத்தால் படிப்பிலோ ஞாபக சக்தியிலோ ஏற்பட்ட லாபம் அநேகமாகப் பூஜ்யம் என்று முடிவு வந்தது. சங்கீத அபிமானிகள் இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. கணக்கு நன்றாக வரவேண்டுமென்றால் கணக்குப் போட வேண்டும். பாடினால் பாட்டு வரும். அது போதாதா?

ஆனால் பழகும் சுபாவம் பற்றிய கதை வேறு. அங்கே பாட்டின் கட்சிக்குக் கொஞ்சம் சாட்சி இருக்கிறது. 2010-ல் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து ஆராய்ச்சியாளர்களான கிர்ஷ்னரும் டொமஸெல்லோவும் 96 குழந்தைகளை வைத்து ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எல்லாம் நாலு வயதுக் குழந்தைகள். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, தரையில் ஒரு நீலத் துணியை விரித்து அதைக் குளம் என்று சொல்லி, தூங்குகிற மரத் தவளைகளை எழுப்புவதாக ஒரு விளையாட்டு. பாதி ஜோடிகள் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் தாளம் தட்டிக்கொண்டும் விளையாடின. மற்றவை அதே விளையாட்டைப் பாட்டும் ஆட்டமும் இல்லாமல், பேசிக்கொண்டே விளையாடின. பிறகு கோலிக்குண்டு நிறைந்த குழாய்களைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். ஒரு குழந்தையின் குழாய் அடி திறந்து குண்டுகள் சிதறும்படி முன்பே ஏற்பாடு. சேர்ந்து பாடிய ஜோடிகளில்தான், மற்றக் குழந்தை தன் வேலையை விட்டுவிட்டுக் குண்டு பொறுக்க அதிகமாக ஓடிவந்தது.

இதற்கும் சின்னக் குழந்தைகளிடம் இதே போன்ற பலனை 2014-ல் கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் கண்டார்கள். பதினாலு மாதக் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு ஒருவர் இசைக்கு ஏற்பத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறார். எதிரே நிற்கும் இன்னொருவர், சில குழந்தைகளுக்கு அதே தாளத்திலும் சில குழந்தைகளுக்குத் தாளம் மாறியும் ஆடுகிறார். பிறகு எதிரே நின்றவர் கையிலிருந்து ஒரு சாமானைத் தவறவிட்டு, எட்டாததுபோல் கையை நீட்டுகிறார். தன்னோடு ஒரே தாளத்தில் ஆடியவருக்குத்தான் குழந்தை அதிகமாக எடுத்துக் கொடுத்தது. பேச வராத, பாடத் தெரியாத குழந்தை. தாளம் ஒத்துப்போனால் மனிதரை நம்மவர் என்று எடுத்துக்கொள்கிறது.

இந்தப் பரிசோதனைகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடி முடித்த சில நிமிஷங்களுக்குள் நடந்ததைத்தான் இவை சொல்கின்றன. பத்து வருஷம் கழித்து அந்தக் குழந்தை என்ன மாதிரி மனிதனாகும் என்பதைச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். இரண்டிலும் பலன் தந்தது பாட்டு அறிவு அல்ல. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் அசைவோடு ஒருவர் அசைவு பொருந்தியதுதான் பலன் தந்தது. இதை மறந்துவிட்டு, அறைக்குள் செய்த பரிசோதனையின் லாபத்தைத் திரை வகுப்பின் கணக்கில் வரவு வைத்தால், அது கள்ளக் கணக்கு.

ஏன் கள்ளக் கணக்கு என்பதைச் சொல்கிறேன். திரை வகுப்பில் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியருக்குத் திறமை போதாது என்பதல்ல. ஒலி போகும் வழி அப்படி.

காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒருவர் ஒலி மற்றவரை அடைய, விநாடியை ஆயிரம் பங்காக்கினால் சுமார் முப்பது பங்கு ஆகும். அதற்குமேல் போனால் தாளம் இழுக்க ஆரம்பித்துவிடும் என்பது வாத்தியக்காரர்களின் அனுபவம். இணையத்தில் ஒலி, எண்ணாக மாறி, பொட்டலமாகக் கட்டப்பட்டு, எத்தனையோ இடத்தில் காத்திருந்து, மறுபடி ஒலியாக வேண்டும். சாதாரண வீடியோ அழைப்பில் நூறு பங்குக்கு மேல் தாமதம் ஆவது சகஜம். நல்ல கம்பி போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆகவே ஒருவழிப் பயணத்துக்கே அறுபத்தைந்து பங்கு போய்விடுகிறது. எந்தக் கம்பெனியாலும் அதைக் குறைக்க முடியாது.

பாட்டில் இது என்ன செய்யும்? ஒரு அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாடினால் அட்சரத்துக்கு நாலு ஸ்வரம். ஒரு ஸ்வரத்துக்குக் கால் விநாடி. ஆசிரியர் பாடியது குழந்தைக்குப் போய், குழந்தை பாடியது ஆசிரியருக்குத் திரும்பி வரக் கால் விநாடி தாமதமானால், ஆசிரியர் ரிஷபத்தில் இருக்கும்போது குழந்தையின் ஷட்ஜம் வந்து சேரும். பத்துக் குழந்தைகள் இருந்தால், பத்து வீட்டிலிருந்தும் பத்துவிதத் தாமதம். அது பஜனை ஆகாது. மறுபடி சந்தைக் கடைதான்.

போதாததற்கு, இந்தச் சாதனங்கள் எல்லாம் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. ஒரே சமயத்தில் இரண்டு குரல் வந்தால், பெரும்பாலும் உரத்த குரலை மேலே விட்டு மற்றதை அமுக்கிவிடும். விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் சத்தத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். நம் தம்புரா விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கிறதே, அதுவும் அந்த வடிகட்டியில் மாட்டிக்கொள்கிறது. விவரம் தெரிந்த ஆசிரியர்கள் அந்த வடிகட்டியை நிறுத்திவைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லாத வீடுகளில் குழந்தை சுருதி இல்லாமலே பாட்டு கற்கிறது. சபையில் தம்புராவைச் சத்தம் என்று நினைக்கும் ரசிகர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு யந்திரமும் அப்படி நினைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆகவே ஆசிரியர் வேறு வழியில்லாமல் எல்லாக் குழந்தைகளின் குரலையும் அடைத்துவிடுகிறார். அவர் ஒரு வரி பாடுவார். குழந்தைகள் எல்லாரும் அவரவர் வீட்டில் பாடும். ஒருத்தி குரல் இன்னொருத்திக்குக் கேட்காது. திரையில் பத்துக் கட்டங்களில் பத்து வாய்கள் அசையும். அடுத்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது, அவள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ பாடறது உங்க மிஸ்ஸுக்குக் கேக்குதாடி?"

"கேக்காது பாட்டி. ம்யூட்ல இருக்கேன்."

"மத்தப் பசங்களுக்கு?"

"அவங்களும் ம்யூட்தான்."

"அப்ப எதுக்குப் பாடறே?"

"எல்லாரும் சேர்ந்து பாடணும்னு மிஸ் சொன்னாங்க."

இதைவிட இந்த வகுப்பைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. குழந்தை பொய் சொல்லவில்லை. ஆசிரியையும் பொய் சொல்லவில்லை. சேர்ந்து பாடுவது என்ற சொல்லுக்குத்தான் அர்த்தம் மாறிவிட்டது.

பிறகு ஒவ்வொருவராகப் பாடச் சொல்லும் முறை வருகிறது. ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிக் குரலைத் திறந்துவிடுவார்கள். அது பாடும், மற்ற ஒன்பதும் பேசாமல் கேட்கும். முறை வரும்வரை காத்திருப்பதும் ஒரு பழக்கந்தான், நல்ல பழக்கம். ஆனால் அது பேச்சின் ஒழுக்கம். பாட்டின் ஒழுக்கம் அல்ல. திரை, பாட்டை எடுத்துப் பேச்சாக்கிவிடுகிறது.

இதில் ஒரு நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும் சுதந்திரம் குழந்தைக்குப் போய்விடுகிறது. நேரில் நடக்கும் வகுப்பில் பாடம் சரியாக வராத குழந்தை என்ன செய்யும்? பக்கத்திலிருப்பவள் வாயைப் பார்க்கும். அரைக் குரலில் பாடும். தெரியாத இடத்தில் விழுங்கிவிட்டுத் தெரிந்த இடத்தில் உரக்கச் சேர்ந்துகொள்ளும். நாலு நாள் இப்படி ஒட்டிக்கொண்டே வந்து ஐந்தாவது நாள் தானாகப் பாடிவிடும். ஆசிரியைக்கு இது தெரியும்; தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பாள். பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். அவள் கொஞ்சம் உரக்கப் பாடி இவளையும் இழுத்துக்கொண்டு போவாள். பழகும் சுபாவம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது இதுதான். தாங்குவது, தாங்கப்படுவது, இரண்டையும் வெளியே சொல்லிக்கொள்ளாமல் இருப்பது. திரையில் குழந்தைக்கு இரண்டே நிலைமைகள்தாம்: ஒன்று, அது பாடுவது யாருக்கும் கேட்காது, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அது ஒன்று பாடுவது மட்டுமே கேட்கும். நடுவே இருக்கும் அந்த நிழல் அங்கே இல்லை. கூச்சமுள்ள குழந்தைக்கு நிழல்தான் தேவை.

நம் பழைய ஆட்டங்களை யோசித்துப் பாருங்கள். கும்மியைத் தனியாக அடிக்க முடியாது. கோலாட்டத்தில் எதிர்க் கோல் வராவிட்டால் நம் கோல் காற்றைத்தான் அடிக்கும். பின்னல் கோலாட்டத்தில் மேலேயிருந்து தொங்கும் கயிறுகளை ஆடிக்கொண்டே பின்னவேண்டும்; பிறகு திரும்பி ஆடி அவிழ்க்கவேண்டும். ஒருத்தி தடம் மாறினால் போதும், எல்லார் கயிறும் சிக்கிக்கொள்ளும். சிக்கவைத்தவள் ஒருத்தி என்றாலும் எல்லாருமே நின்று அவிழ்த்தால்தான் ஆட்டம் தொடரும். சமூகம் என்றால் என்ன என்பதை ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிட நன்றாகச் சொல்லும் பாடப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். கர்நாடக சங்கீதமே தனி மனிதன் பாடும் சங்கீதமாயிற்றே, மேல்நாட்டார் கோஷ்டி கானம்போல் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேடையில் தனியாகப் பாடுகிறவரும் தனியாகப் பாடுவதில்லை. பிடில்காரர் என்ன வாசிக்கப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டும், மிருதங்கக்காரருக்கு இடம் விட்டுக்கொண்டுந்தான் பாடுகிறார். திருவையாற்றில் ஆராதனை நாளன்று, மேடையில் தனித்தனியாகக் கொடிகட்டிப் பறக்கும் வித்வான்கள் எல்லாம் தரையில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஒரே குரலாகப் பாடுகிறார்கள். அன்று யார் குரல் எது என்று தெரியாது. தெரியவேண்டும் என்று யாரும் நினைப்பதும் இல்லை. தனி மனிதன் வித்தை என்று பெயரெடுத்த நம் சங்கீதத்தின் பெரிய திருநாளே கூட்டுப் பாட்டுத்தான்.

திரை வகுப்பைக் குறை சொல்லிவிட்டுப் பழைய பாட்டு வகுப்பைப் பொற்காலம் என்று வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வகுப்பு எல்லார் வீட்டுத் திண்ணையிலும் நடக்கவில்லை. எல்லாக் குழந்தைகளையும் அந்தத் திண்ணையில் ஏற்றவும் இல்லை. எந்தத் தெருவில் பிறந்த குழந்தை, எந்த ஜாதிக் குழந்தை என்று வாத்தியார் வாயால் கேட்காவிட்டாலும் வாசற்படி கேட்டது. குருகுலவாசம் என்ற பெயரில் தண்ணீர் இழுத்து, துணி துவைத்து, பாடத்துக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்த பையன்களின் கதைகளை வித்வான்களே சொல்லியிருக்கிறார்கள். ஸ்வரம் தவறினால் தொடையில் கிள்ளு விழும் வகுப்புகளும் இருந்தன. சேர்ந்து பாடுவதில் ஒரு சுகம் இருக்கிறதென்றால், சேர்க்காமல் வெளியே நிறுத்துவதில் உள்ள வலியையும் அந்த வகுப்பு பலருக்குக் கற்றுக்கொடுத்தது.

திரை அந்த வாசற்படியைத் தாண்டிவிட்டது. பாட்டு ஆசிரியரே இல்லாத சின்ன ஊர்க் குழந்தையும், மாடிப்படி ஏற முடியாத குழந்தையும், பெரிய ஆசிரியரிடம் தன் வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம். நம் ஊர் வானொலி, இசைப் பயிற்சி என்ற நிகழ்ச்சியின் மூலம் இதைப் பல வருஷங்களுக்கு முன்பே ஆரம்பித்துவைத்தது. பெட்டிக்கு முன்னால் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து கீர்த்தனை எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். வானொலி வாத்தியாருக்கு நம் தப்பு கேட்காது. திரை வாத்தியாருக்குக் கேட்கும். அந்த அளவுக்கு முன்னேற்றந்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்களையும் சபாக்களையும் மூடியபோது, பாட்டு வகுப்புகள் நிற்காமல் நடந்ததும் திரையால்தான். அந்த வருஷம் மார்கழிக் கச்சேரிகளே திரையில் நடந்தன. ஆசிரியைகள் பலருக்கு அதுதான் சோறு போட்டது. இதையெல்லாம் மறந்துவிட்டுப் பேசுவது நன்றி கெட்டதனம்.

திரையால் குழந்தை ஒன்றுமே கற்காது என்பதும் உண்மை அல்ல. 2003-ல் அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் என்ற அம்மையார், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு தடவை சீன மொழி பேசிக் காட்ட ஏற்பாடு செய்தார். நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன. அதே பேச்சைப் படமாகப் பார்த்தவை அறியவில்லை. ஆனால் 2014-ல் வேறு சிலர் இரண்டு இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் மூன்று விதமாகச் சோதித்தார்கள். நேரில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைக் குழந்தைகள் கற்றன. குழந்தை கேட்டால் பதில் சொல்லி, சிரித்தால் சிரிக்கும் வீடியோ அழைப்பிலும் கற்றன. முன்பே எடுத்துவைத்த படத்தில் கற்கவில்லை. ஆக, திரை என்பதல்ல பிரச்னை. அந்தப் பக்கம் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி. ஒரு ஆசிரியை, ஒரு குழந்தை என்று நடக்கும் திரை வகுப்பில் பாடம் ஏறும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வார்த்தை கற்பது வேறு, தாளம் ஒத்துப்போவது வேறு. லைப்ஸிக்கில் அதே கிர்ஷ்னரும் டொமஸெல்லோவும் 2009-ல் வெளியிட்ட இன்னொரு பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுக் குழந்தைகள் கையில் ஒரு பறையைக் கொடுத்து, மூன்று விதமாகத் தட்டச் சொன்னார்கள். ஒன்றில் எதிரே ஒரு மனிதர் சேர்ந்து தட்டுகிறார்; ஒன்றில் ஒரு யந்திரம் தட்டுகிறது; ஒன்றில் ஒலிபெருக்கியிலிருந்து சத்தம் மட்டும் வருகிறது. மனிதரோடு தட்டியபோதுதான் குழந்தைகளின் தாளம் மற்ற இரண்டையும்விட நன்றாகப் பொருந்திற்று. இரண்டரை வயதுக் குழந்தைகூடத் தன் இயல்பான வேகத்தை விட்டு எதிரே இருந்த மனிதரின் வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டது. யந்திரத்துக்காகக் குழந்தை அவ்வளவு சிரமப்படத் தயாராக இல்லை. மனிதருக்காகச் சிரமப்படுகிறது. அந்தச் சிரமந்தான் பிற்பாடு அன்பு என்றும் பண்பு என்றும் பெரிய பெயர்களில் வருகிறது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்? விமரிசகன் வேலை குறை சொல்வதோடு முடிந்துவிடும் என்றாலும், பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் நம் வாசகர்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவைக்கிறேன்.

ஐந்து வயதுக்குக் கீழே வகுப்பே வேண்டாம். உலகச் சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட வழிமுறைகளில், ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்றும், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிக்குமேல் கூடாது, குறைந்தால் நல்லது என்றும் சொன்னது. நம் மத்திய அரசின் கல்வி இலாகா, 2020 ஜூலையிலேயே, பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்கு நாளைக்கு அரை மணிக்குமேல் திரை வகுப்பு வேண்டாம், அதுவும் பெற்றோருக்கு வழிகாட்டவே என்று வரம்பு கட்டிற்று. அந்த வயதில் குழந்தைக்கு வேண்டியது ஆசிரியர் அல்ல. கூடப் பாட ஒரு மனிதர். அம்மாவுக்குக் குரல் நன்றாக இல்லையே என்றால் பரவாயில்லை. சுருதி சேராத அம்மாவின் தாளம், சுருதி சேர்ந்த யந்திரத்தின் தாளத்தைவிட அந்தக் குழந்தைக்கு நன்றாகப் பொருந்தும்.

பெரிய குழந்தைகளுக்குத் திரை வகுப்புத்தான் வழி என்றால், குழந்தையைத் தனியாக அதன் முன்னால் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போகக் கூடாது. ஜப்பானில் பிடில் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றை உண்டாக்கிய ஷினிச்சி ஸுஸுகி, குழந்தையோடு தாயோ தகப்பனோ வகுப்பில் உட்கார்ந்து ஆரம்பப் பாடங்களைத் தாங்களும் கற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தனிப் பாடம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், எல்லாக் குழந்தைகளும் கூடி வாசிக்கும் வகுப்பும் கூடவே வேண்டும் என்றார். நம் வீடுகளிலும் செய்யலாம். ஒரே தெருவில், ஒரே அடுக்கு வீட்டில் மூன்று குழந்தைகள் மூன்று திரைகளில் ஒரே ஆசிரியையிடம் கற்பதை நான் பார்க்கிறேன். அந்த மூன்றையும் ஒரு கூடத்தில், ஒரு திரை முன்னால் உட்காரவைத்தால் என்ன? ஆசிரியை அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு தாளம் போட்டாலும், இந்தப் பக்கம் மூன்று குரல் ஒன்றாகக் கேட்கும். தாமதம் ஆசிரியைக்குத்தான், குழந்தைகளுக்குள் இல்லை. செலவும் குறையும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சென்னை ஆசிரியர்களிடம் திரை வழியாகக் கற்கும் பிள்ளைகள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் 1978-லிருந்து க்ளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. போட்டிக்கும் பரிசுக்கும் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகாமல், பஞ்சரத்தினம் பாடும் கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். அதுவரை தன் குரலையும் ஆசிரியர் குரலையும் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, நூற்றுக்கணக்கானவர்களின் குரலுக்குள் தன் குரல் கரைவது என்ன என்று அங்கேதான் தெரியும்.

இதெல்லாம் முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்கள் வருத்தப்பட வேண்டாம். திரையில் குழந்தை பாடக் கற்கட்டும். ஆனால் பழகக் கற்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நினைத்துக்கொண்டால் அடுத்த காரியம் என்ன நடக்கும் என்றால், மாலையில் தெருவில் விளையாடும் ஒரு மணி நேரத்தை எடுத்து வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால், வகுப்பில்தான் பத்துக் குழந்தைகள் இருக்கிறார்களே என்பார்கள். பத்துக் குழந்தைகள் இருக்கிறார்கள், வாஸ்தவம். ஒருத்தியின் தொண்டை கட்டியிருப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி எடுத்துக்கொடுக்க முடியாது.

சங்கீதத்தை ஒரு வித்தை என்று மட்டும் பார்த்தால், திரை அந்த வித்தையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. அதற்குரிய சம்பளத்தைச் சந்தோஷமாகக் கொடுக்கலாம். மனிதர்கள் ஒருவர் குரலை ஒருவர் பொறுத்துக்கொள்ளக் கற்ற வழியும் அதுதான் என்று பார்த்தால், அந்தப் பாடத்துக்கு ஒரு பாயும், அதில் நெருக்கி உட்கார இன்னும் இரண்டு குழந்தைகளும் வேண்டும். விளம்பரக்காரர்கள் முதலாவதற்குக் காசு வாங்கட்டும். இரண்டாவதை அவர்களிடம் கேட்காதீர்கள்; அவர்களிடம் இல்லை.